வாஃபிள் மெசினில் பிரெஞ்ச் டோஸ்ட்: வன்னி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த, கட்டக் குழி போட்ட இரண்டு சூட்டுத் தட்டுகளுக்கு நடுவே மாவைச் சுடும் வாஃபிள் மெசின் ஒன்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கன வீடுகளில் பெட்டி பிரிக்காமலே அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. வாஃபிள் மாவு கலக்கப் பேக்கிங் பவுடர், பட்டர் என்று ஒரு பட்டியல் வேண்டும் என்பதால் ஒருவரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் பாண், முட்டை, பால் மூன்றும் இருந்தால் அதே மெசினில் ஒரு குடும்பத்துக்கான காலைச் சாப்பாட்டை முடித்துவிடலாம். நாம் பம்பாய் டோஸ்ட் என்று தோசைக்கல்லில் போடுவோமே, அதே சாமான்தான். இதில் இரண்டு பக்கமும் ஒன்றாக வேகும், பிரட்டத் தேவையில்லை, எண்ணெயும் குறைவாகத்தான் பிடிக்கும். வெளியே கட்டம் கட்டமாக மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் வரும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே சரிவராது. அவர்களுடைய பாண் வேறு, கரண்ட் வேறு. நான் பாடுபட்டுத்தான் இதைப் பிடித்தேன். முட்டைக் கலவை சின்ன விஷயம், அதில் கொஞ்சம் கூடக் குறைந்தாலும் சாப்பிடலாம். மெசினையும் பாணையும் சரியாகப் பார்த்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அதனால் அந்த இரண்டையும் பற்றித்தான் கூட எழுதியிருக்கிறேன். அளவுகள் ஐந்து பேருக்கு, ஆளுக்கு இரண்டு துண்டு என்ற கணக்கில்.

1. மெசினைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படியுங்கள்

பிளக்கில் செருகுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மெசினின் அடியில் ஒரு சின்ன லேபல் ஒட்டியிருக்கும், அல்லது தகட்டில் பொறித்திருக்கும். அதில் 220–240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது கனடா, அமெரிக்கா பக்கத்து மெசின். இங்கே நமக்கு வருவது 230 வோல்ட். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவுதானே என்று நினைக்காதீர்கள். சூடாக்கும் கம்பி இழுக்கும் சக்தி வோல்ட்டின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே 1000 வாட்ஸ் மெசின் இங்கே 3600 வாட்ஸுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். பியூஸ் போனால் அதிர்ஷ்டம். போகாவிட்டால் கம்பி கருகும், அல்லது தட்டில் பூசியிருக்கும் ஒட்டாத பூச்சு புகைந்து நாறும்.

கடையில் விற்கும் சின்ன அடாப்டர் இதற்குத் தீர்வு இல்லை. அது பிளக்கின் கால்களை மாற்றுமே தவிர வோல்ட்டைக் குறைக்காது. கன பேர் விழும் குழி இது. வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் 1000 வாட்ஸ் மெசினுக்கு 1500 வாட்ஸாவது தாங்கக்கூடியது. தூக்கவே பாரமான சாமான். அதை வாங்கும் காசுக்கு இங்கேயே ஒரு சாதாரண வாஃபிள் மெசின் வாங்கலாம் என்பதுதான் என் எண்ணம். ரொறன்ரோவிலிருந்து மாமி ஆசையாகத் தந்தது என்று மனம் கேட்காவிட்டால் அதை அலுமாரியிலேயே பத்திரமாக வையுங்கள்.

இனிமேல்தான் யாராவது கொண்டுவரப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லண்டனிலிருந்து வருவது வோல்ட்டும் சரி, இப்போது நம் வீடுகளில் போடும் சதுரக்கால் பிளக்கும் சரி. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ், நோர்வே பக்கமிருந்து வருவதற்கு வோல்ட் சரி, பிளக் வேறு. கனடாவிலிருந்து வருவதற்கு இரண்டுமே சரியில்லை. கனடாக்காரர் ஏதாவது தந்தே ஆகவேண்டும் என்று நின்றால் கரண்ட் தேவைப்படாத சாமானாகக் கேளுங்கள்.

2. இங்கே வாங்குவதானால்: பில், வாரண்டி, கடையிலேயே ஒரு சோதனை

வவுனியா அல்லது கிளிநொச்சி டவுனில் மின்சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். எல்லா நேரமும் கையிருப்பில் இருக்காது, சொல்லி எடுப்பிக்க வேண்டி வரலாம். சண்டையில்லாமல் முடிய மூன்று விஷயம் செய்யுங்கள்.

காசு கொடுக்க முன்னால் கடையிலேயே பிளக்கில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு லைட் எரிந்தால் காணாது. ஐந்து நிமிடம் விட்டு, மேல் தட்டும் கீழ்த் தட்டும் இரண்டுமே சூடாகிறதா என்று தட்டுக்கு மேலே கையைப் பிடித்துப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு தட்டு மட்டும் சூடாகும் மெசின்களும் பெட்டிக்குள்ளிருந்து வருவதுண்டு.

வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் திகதியும் கையெழுத்தும் அங்கேயே போட்டு வாங்குங்கள். முத்திரை இல்லாத அட்டை வெறும் மட்டைதான். "தம்பி, பிறகு வாங்கோ, போட்டுத் தாறன்" என்றால் "இல்லை அண்ணை, இப்பவே போட்டுத் தாங்கோ" என்று நின்றுவிடுங்கள். பில்லில் மெசினின் மொடல் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 'எலக்ட்ரிக் ஐட்டம் 1' என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு பிறகு ஒன்றும் கேட்க முடியாது. பில்லில் மை மங்கிப்போகும் என்பதால் அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டில் வாங்கியதன் வாரண்டியைப் பற்றி ஆசை வைக்காதீர்கள். பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும்.

எந்த வகை வாங்குவது? குழி ஆழமான தடித்த வகையும் இருக்கிறது, குழி குறைந்த மெல்லிய வகையும் இருக்கிறது. பிரெஞ்ச் டோஸ்டுக்கு மெல்லிய வகைதான் நல்லது என்பேன். நம் பாணின் தடிப்புக்கு அது ஒத்துப்போகும். ஆழமான குழியில் பாண் முழுதாகத் தட்டைத் தொடாது, அங்கங்கே வெளிறிப்போய் இருக்கும். வட்ட மெசினை விடச் சதுர மெசின் வசதி, பாணும் சதுரம்தானே.

3. பிளக்கும் கரண்டும்

இதைச் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பாவிலிருந்து வரும் மெசினில் இரண்டு உருண்டைக் கால் பிளக் இருக்கும். அதைச் சதுர மூன்று ஓட்டை சொக்கெட்டில் போடுவதற்கு மேல் ஓட்டைக்குள் ஈர்க்குச்சியையோ பேனாவையோ விட்டுத் திறந்து செருகுவது நம்மூரில் சர்வசாதாரணம். போன் சார்ஜருக்கே அது கூடாத பழக்கம். உலோக உடம்புள்ள, சூடாகும் மெசினுக்கு அது ஆபத்து. மேலே இருப்பது எர்த் ஓட்டை. அதற்குள் குச்சியை விட்டுப் போடும்போது மெசினுக்கு எர்த் கிடைப்பதில்லை. உள்ளே ஒரு வயர் உரசினால் மெசினைத் தொட்டவருக்குத்தான் கரண்ட் அடிக்கும். எர்த்தோடு கூடிய நல்ல அடாப்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது மின்சார வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பிளக்கையே 13 அம்பியர் சதுரப் பிளக்காக மாற்றிவிடுங்கள். சின்ன வேலைதான்.

பழைய வீட்டில் 5 அம்பியர் உருண்டை சொக்கெட் மட்டும் இருந்தால் கணக்குப் பாருங்கள். 5 அம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1150 வாட்ஸ். 700, 800 வாட்ஸ் மெசின் சமாளிக்கும். 1000 வாட்ஸுக்கு மேல் என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். மல்டி பிளக்கில் கேத்தலோடும் ரைஸ் குக்கரோடும் சேர்த்து மெசினையும் போடவே வேண்டாம். மெசின் ஓடும் நேரத்தில் தேத்தண்ணிக்குத் தண்ணீரை அடுப்பில் வையுங்கள்.

சோலார் பெட்டரியில் ஓடும் சின்ன இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதன் வாட்ஸைப் பாருங்கள். லைட், பான், ரீவிக்கு என்று போட்டது பெரும்பாலும் இதைத் தாங்காது, உடனே நின்றுவிடும்.

செலவு எவ்வளவு? 1000 வாட்ஸ் மெசின் ஒரு மணித்தியாலம் இடைவிடாமல் ஓடினால்தான் ஒரு யூனிட். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், அதிலும் சூடு ஏறியதும் தானே நின்று நின்று எரியும். ஆகக்கூடினால் அரை யூனிட் அளவு. மாதத்தில் நான்கு ஞாயிறு செய்தாலும் இரண்டு யூனிட்தான். ஆனால் உங்கள் வீட்டு பில் 60 யூனிட்டை ஒட்டி நிற்பதானால் மாதக் கடைசியில் மீட்டரை ஒருமுறை பாருங்கள். 60ஐத் தாண்டினால் முழுப் பில்லுக்குமே வேறு கட்டணக் கணக்கு.

4. பாணை முதல் நாளே வாங்குங்கள்

சொதப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவை மறித்துச் சுடச்சுட வாங்கிய பாணில் இதைச் செய்ய முடியாது. புதுப் பாணுக்குள் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. முட்டைப் பாலில் போட்டதும் கூழாகி, தூக்கும்போதே கையில் பிய்ந்து வரும். மெசினை மூடினால் நசிந்து, கலவை நாலாபக்கமும் வழியும். முதல் நாள் பின்னேரம் வரும் ஓட்டோவில் வாங்குங்கள்.

எந்தப் பாண்? சாதாரண பாணை விட அச்சுப்பாண் நல்லது. நாலு பக்கமும் சமமாக இருப்பதால் துண்டுகள் ஒரே அளவில் வரும். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். அதை ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் மொத்தத்தில் வெட்டினால், அதாவது உங்கள் பெருவிரல் மொத்தத்துக்கு, இரண்டு நுனியையும் நீக்கி எட்டுப் பத்துத் துண்டு வரும். வெட்டாமல் முழுப் பாணாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். பொலித்தீன் பையில் வெட்டி வரும் சான்விச் பாண் மெல்லியது. வேறு வழியில்லை என்றால் அதையும் பாவிக்கலாம், ஆனால் நனைக்கும் நேரத்தை நன்றாகக் குறைக்க வேண்டும்.

வெட்டிய துண்டுகளை இரவு சுளகில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, மெல்லிய சீலையால் மூடி வையுங்கள். சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் விடியும்போது மேல்பக்கம் வடிவாகக் காய்ந்திருக்கும். மாரியில் அப்படி நடக்காது. கார்த்திகை, மார்கழி ஈரத்தில் இரவு முழுக்க வைத்தாலும் பாண் நமத்துத்தான் போகும். அந்த நாட்களில் காலையில் மெசின் சூடானதும் ஒவ்வொரு துண்டையும் வெறுமனே அரை நிமிடம் உள்ளே வைத்து எடுங்கள், மேல்பரப்புக் காய்ந்துவிடும். தோசைக்கல்லில் வாட்டியும் எடுக்கலாம்.

எறும்பு! சுளகை மேசையில் வைத்தால் மேசைக்கால்கள் நாலையும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் காலையில் பாணை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

காய்ந்தது சரியா என்று பார்க்க, துண்டின் நடுவில் விரலால் மெல்ல அமத்துங்கள். மேல் தோல் கொஞ்சம் விறைப்பாகவும் உள்ளே இன்னும் மெதுவாகவும் இருந்தால் சரி. கருக்கென்று உடைந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. அதை எறியாதீர்கள், கொஞ்சம் கூட நேரம் நனைத்தால் சரிவரும். பூஞ்சணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தப் பாண் வேண்டாம்.

5. முட்டைக் கலவை

பண்ணை முட்டை 4. ஊர்க்கோழி முட்டை என்றால் சின்னது, 5 போடுங்கள். பால் முக்கால் கப், சுமார் 180 மில்லிலீற்றர். சீனி ஒரு மேசைக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, அல்லது இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடலாம். வனிலா இருந்தால் சில துளி. முட்டை மணம் பிடிக்காத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கறுவாவும் ஏலக்காயும் இரண்டுமே போடுங்கள்.

தோசைக்கல்லுக்குச் செய்யும்போது போடுவதைவிடப் பாலைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். மெசின் இரண்டு பக்கமும் அமத்தும், கூடுதல் பால் இருந்தால் பிழிந்து வெளியே தள்ளும். வழிந்த பால் தட்டின் ஓரத்தில் கருகி ஒட்டிக்கொள்ளும், அதைச் சுரண்டுவது பெரிய பாடு. சீனியும் அப்படித்தான். இனிப்பை மேலே ஊற்றும் பாணியில் வைத்துக்கொள்ளுங்கள், கலவையில் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

பசுப்பால் என்றால் காய்ச்சி, வடிவாக ஆறவிட்டபிறகு சேருங்கள். சுடுபாலில் முட்டை திரிந்துவிடும். பால்மா என்றால் முக்கால் கப் தண்ணீரில் குவித்த இரண்டு மூன்று மேசைக்கரண்டி கரைத்துக் கட்டியில்லாமல் அடியுங்கள். தேங்காய்ப்பாலிலும் செய்யலாம், முதற்பாலும் இரண்டாம் பாலும் கலந்து. எனக்கு அந்த ருசிதான் கூடப் பிடிக்கும். ஆனால் அது கெதியாகச் சிவக்கும், கண் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

முட்டையை முதலில் தனியாக அடித்துவிட்டுப் பிறகு பாலை ஊற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடித்தால் வெள்ளைக்கரு நூல்நூலாக நிற்கும். அது பாணுக்குள் இறங்காமல் மேலே படிந்து, கட்டங்களுக்குள் பொரித்த முட்டைத் துணுக்காக ஒட்டும். கறுவாத்தூள் மேலே மிதக்கும் சாமான், அதைச் சீனியோடு கலந்துவிட்டுப் போட்டால் சீராகக் கலக்கும்.

உறைப்பு வேண்டும் என்பவர்களுக்கு: சீனியும் கறுவாவும் இல்லாமல் மிளகுதூளும் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போடுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய் வெட்டிப் போடச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவை பாணில் ஒட்டாமல் மெசின் தட்டில்தான் ஒட்டும். வெங்காயம் வேண்டுமென்றால் கட்டச்சம்பலாகப் பக்கத்தில் வையுங்கள். உறைப்பான டோஸ்டும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும் இருந்தால், புட்டு இல்லாத காலை என்ன காலை என்று கேட்கும் அப்பாமாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

முட்டைச் சாமான் என்பதால் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர்கள் உள்ள வீட்டிலும், வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் காலத்திலும் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். முட்டைக்குப் பதில் வாழைப்பழம் மசித்துப் போடலாம் என்பார்கள். தோசைக்கல்லில் சரி. மெசினில் அது பசை மாதிரி ஒட்டும்.

6. நனைக்கும் நேரம்

ஆழமில்லாத அகன்ற தட்டில் கலவையை ஊற்றுங்கள். கிண்ணத்தில் முக்கினால் ஒரு பக்கம் ஊறி மறுபக்கம் காய்ந்தே இருக்கும். காய்ந்த பாண் என்றால் ஒரு பக்கம் பத்து முதல் பதினைந்து செக்கன், திருப்பி மறுபக்கமும் அவ்வளவு. சான்விச் பாண் என்றால் வைத்ததும் திருப்பி எடுங்கள். தூக்கி, ஒரு மூலை கீழே இருக்கும்படி சொட்டுப் போகும் வரை பிடியுங்கள். துண்டு நடுவில் தொய்ந்து மடங்கினால் கூட ஊறிவிட்டது. அதை மெசினில் போடாமல் தோசைக்கல்லுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாத் துண்டையும் முன்கூட்டியே நனைத்து அடுக்கி வைக்காதீர்கள். மெசினில் ஒரு சோடி வேகும்போது அடுத்த சோடியை நனைத்தால் காணும், அதுவும் கடைசி நிமிடத்தில். வேலையை முந்தி முடிக்கிறேன் என்று பத்தையும் ஊறப்போட்டால் கடைசி நாலு துண்டும் களியாகிவிடும்.

7. மெசினில் வைப்பது

நல்லாகச் சூடாகட்டும். லைட் அணைந்த பிறகும் இரண்டு நிமிடம் விடுங்கள். மொத்தம் ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஒரு துளி தண்ணீர் தெளித்தால் சடாரென்று துள்ளி ஆவியாக வேண்டும். காலையில் வோல்ட் குறைவாக வரும் இடங்களில் இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும்.

பிறகு எண்ணெய். தேங்காயெண்ணெயோ உருக்கிய பட்டரோ, சமையல் பிரஷ்ஷால் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் மெல்லிதாகப் பூசுங்கள். மேல் தட்டை மறப்பதுதான் வழமை. திறக்கும்போது பாண் இரண்டாகப் பிளந்து பாதி மேலேயும் பாதி கீழேயும் நின்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். டின்னில் வரும் ஸ்பிறே எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசின் மாதிரிப் படிந்து, ஒட்டாத பூச்சையே ஒட்டும் பூச்சாக்கிவிடும்.

பாணை வைத்து மூடியை அதன் பாரத்திலேயே இறங்க விடுங்கள். அமத்த வேண்டாம். கொளுக்கி போட்டு இறுக்கவும் வேண்டாம். உடனே பக்கவாட்டில் ஆவி சீறிக்கொண்டு வரும். அந்த ஆவிதான் உங்கள் மணிக்கூடு. நிறைய வரும் வரை உள்ளே இன்னும் பச்சை. மூன்று நாலு நிமிடத்தில் அது மெலிந்து இழையாகும், அப்போது மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். பாண் மேல் தட்டை விடாமல் இழுத்தால் பலவந்தம் பண்ணாதீர்கள், இன்னும் அரை நிமிடம் மூடுங்கள். வெந்ததும் தானாக விடும். பொன்னிறத்துக்கு ஒரு படி கூடச் சிவந்த நிறம் வரும்வரை விடுங்கள். இளம் மஞ்சளில் எடுத்தால் தட்டில் வைத்த ஒரு நிமிடத்தில் துவண்டுவிடும்.

எடுக்க மரக்கரண்டி அல்லது மூங்கில் குச்சி. கத்தியோ முள்ளுக்கரண்டியோ பட்டால் பூச்சு கீறும். கீறிய இடத்தில் எப்போதும் ஒட்டும்.

இடையில் கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். தட்டில் இருக்கும் சூட்டிலேயே அந்தச் சோடி அனேகமாக வெந்துவிடும், ஐந்தாறு நிமிடம் விடுங்கள். வெட்டிப் பார்த்து நடுவில் முட்டை இன்னும் சளசளவென்று இருந்தால் தோசைக்கல்லில் போட்டு முடியுங்கள். மீதியும் தோசைக்கல்லில்தான். பிளக்கைக் கழற்றிவிடுங்கள், கரண்ட் திரும்பி வரும்போது வோல்ட் ஏறி இறங்கி மெசினைக் கெடுக்கும்.

8. தட்டுக்குப் போகும்வரை

வெந்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே உள்ளவை தம் ஆவியிலேயே நமத்துப்போகும். கம்பித்தட்டு இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் இடியப்பத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கலாம், ஓட்டைகளால் ஆவி போய்விடும். சுட்டதும் சுட்டதுமாகக் கொடுத்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. பிள்ளைகளுக்கு முதலில், சுடுகிறவருக்குக் கடைசியில். அது எந்தச் சமையலுக்கும் உள்ளதுதான்.

மேலே ஊற்ற மேப்பிள் சிரப்பைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம். பனங்கட்டிப் பாணி அதைவிட நன்றாக இருக்கும். 200 கிராம் பனங்கட்டியை அரைக் கப் தண்ணீரில் போட்டு இளம் சூட்டில் கரைத்து, கட்டாயம் வடியுங்கள், அடியில் மண்ணும் கஞ்சலும் நிற்கும். திரும்ப அடுப்பில் வைத்து ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டால் கரண்டியில் பிடிக்கும் பதம் வரும். ஆறும்போது இன்னும் தடிக்கும், ஆகவே கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே இறக்குங்கள். இதை முதல் நாள் இரவே செய்து போத்தலில் வைக்கலாம். காட்டுத்தேன் கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. சட்டித் தயிர் கிடைக்கும் நாளில் எருமைத் தயிர் ஒரு கரண்டி, அதன்மேல் பனங்கட்டிப் பாணி, பக்கத்தில் ஒரு கதலி வாழைப்பழம். பாணியைக் குசினியில் வைத்தே ஊற்றிவிடாதீர்கள், சாப்பிட இருந்த பிறகு அவரவர் ஊற்றட்டும்.

நேரக்கணக்கு இப்படி வரும். சூடாக ஏழு நிமிடம். ஒரு தடவைக்கு இரண்டு துண்டு, எடுத்து வைப்பதோடு ஐந்து நிமிடம் என்று பார்த்தால் பத்துத் துண்டுக்கு இருபத்தைந்து நிமிடம். கலவை அடிக்கும் வேலையை மெசின் சூடாகும் நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஏழரை மணிக்கு எல்லோரும் சாப்பிட வேண்டும் என்றால் ஆறே முக்காலுக்குக் குசினிக்குள் போனால் சரி. ஒரு துண்டு மட்டும் கொள்ளும் சின்ன மெசின் என்றால் பத்துத் துண்டுக்கு ஒரு மணித்தியாலம் போய்விடும். அது பள்ளிக்கூட நாளுக்குச் சரிவராது, ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். தேவாலயத்துக்குப் போகிற வீடுகளில் பூசை முடிந்து வந்து சுடுவது வசதி.

சாமான் செலவு ஒரு இறாத்தல் பாண், நாலு முட்டை, முக்கால் கப் பால், பனங்கட்டி, கொஞ்சம் எண்ணெய். விலைகள் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவதால் ரூபாய் போடவில்லை. பாண் முதல்நாள் மிஞ்சியது என்றால் அந்தச் செலவும் இல்லை.

9. துடைத்து வைப்பது

பிளக்கைக் கழற்றி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஈரச்சீலையால் துடையுங்கள். கட்டங்களுக்கு இடையில் மூங்கில் குச்சியில் சுற்றிய சீலை போகும். தண்ணீருக்குள் போடவோ குழாயில் பிடிக்கவோ கூடாது. கருகி ஒட்டியது இருந்தால் தட்டு இளஞ்சூடாக இருக்கும்போது கொஞ்சம் எண்ணெய் தடவிக் கால் மணித்தியாலம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும். வழிந்த பால் மூடி பொருந்தும் கீல் இடுக்கில் நிற்கும். அதை விட்டால் எறும்பும் கரப்பானும் மெசினுக்குள்ளேயே குடியேறும். மெசின் சூடாக இருக்கும்போது வயரை அதன் உடம்பில் சுற்றாதீர்கள். பெட்டிக்குள் வைத்து, பில்லையும் வாரண்டி அட்டையையும் அதே பெட்டிக்குள் பொலித்தீன் பையில் போட்டு மூடுங்கள்.